கிறிப்பில் உங்கள் பெயர்

வங்கிக்குக் கடன் கேட்டுப் போனவர் வெறுங்கையோடு திரும்பினால் யாழ்ப்பாணத்தில் ஒரு வசனம்தான்: “கிறிப்பில பேர் விழுந்திட்டுதாம்.” கேட்பவர்களும் அதற்குமேல் விசாரிப்பதில்லை. ஏதோ கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டார் என்று முடிவுகட்டி விடுகிறார்கள். அப்படியொரு பட்டியல் அங்கே கிடையாது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரின் பெயரும் கிறிப்பில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

கிறிப் என்பது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. வங்கிகள், நிதி நிறுவனங்கள், லீசிங் கொம்பனிகள் எல்லாம் தாங்கள் கொடுத்த கடனையும், அதில் கட்டிய தவணை, பிந்திய தவணையையும் அங்கே அறிவிக்கின்றன. அதை வைத்து 250 முதல் 900 வரை ஒரு புள்ளி போடப்படுகிறது. கூடக்கூட நல்லது. ஆனால் கடன் தருவதா இல்லையா என்று தீர்மானிப்பது கிறிப் அல்ல, வங்கிதான்.

எங்கள் பக்கத்தில் நல்ல மனிதர்களின் பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் அவர்களின் சொந்தக் கடனல்ல. பிணைக் கையெழுத்துத்தான் என்பது என் எண்ணம். ஒரு ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். அரசாங்கச் சம்பளம்; அதனால் பிணைக்கு எல்லாரும் தேடி வருவது அவரிடம்தான். சித்தியின் மகன் ஓட்டோவுக்கு லீசிங் எடுக்கிறான். “அக்கா, சும்மா ஒரு கையெழுத்துத்தான்” என்கிறான். சொந்தத்துக்குள் எப்படி மறுப்பது? எட்டாம் மாதம் தவணை நிற்கிறது. தம்பி பிரான்சுக்குப் போய்விட்டான். இரண்டு வருடம் கழித்து அக்கா வீட்டுக் கடனுக்கு நெல்லியடியில் ஒரு வங்கியில் விண்ணப்பம் கொடுக்கும்போது, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கிறிப் அறிக்கையைத் திருப்பிக் காட்டுகிறார். தன் பெயரில் ஒரு சதமும் கடனில்லாதவரின் தாளில், பிணையாளர் என்ற இடத்தில், ஓட்டோவின் நிலுவை நிற்கிறது.

அந்தத் தம்பி போகுமுன் ஓட்டோவைத் திருப்பிக் கொடுத்திருந்தாலும் கணக்கு முடிந்திராது. போர் முடிந்து ஏ-9 வீதி திறந்தபின் நிதி நிறுவனங்கள் வரிசையாக வந்து, வீடுவீடாக லீசிங்கும் வந்தது. “வாகனத்தைத் தூக்கிக்கொண்டு போட்டினம், இனி என்ன?” என்று பலர் இருந்துவிட்டார்கள். வாகனம் ஏலத்தில் போன விலை கடனுக்குப் போதாவிட்டால், மிச்சம் உங்கள் பெயரில்தான் நிற்கும். கணக்கில் காசில்லாமல் திரும்பிய காசோலையும் பதிவாகும்; பின்திகதி போட்டுச் செக் எழுதும் கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பத்து வருடமாகச் சீட்டுக் காசை ஒருநாளும் பிந்தாமல் கட்டிய அம்மாவுக்குக் கிறிப்பில் ஒரு வரிகூட இல்லை. சீட்டும் கைமாற்றும் மீற்றர் வட்டியும் அங்கே போவதில்லை. ஊருக்குத் தெரிந்த நாணயம் வங்கிக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் கட்டக்கூடிய ஒரு சிறு கடனை வங்கியில் எடுத்து, நாள் தவறாமல் கட்டி முடிப்பது பயன் தரும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? முதலில் உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அடையாள அட்டை இலக்கத்தோடு கிறிப்பின் இணையத்தளத்தில் கேட்கலாம். நீங்கள் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் வங்கியிலும் விசாரிக்கலாம். பிழையிருந்தால், உதாரணமாகக் கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவையில் நின்றால், அதை அறிவித்த நிறுவனம்தான் திருத்த வேண்டும். கடன் முடிந்ததென்று அவர்கள் தரும் கடிதம் உங்கள் ஆதாரம். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. அதில் வந்தவர்களும் ஒருதரம் பார்த்துக்கொள்வது நல்லது. “காசு தாங்கோ, கிறிப்பில இருந்து பேரை எடுத்துத் தாறம்” என்று வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். உண்மையான பதிவை எந்தத் தரகராலும் அழிக்க முடியாது.

கனடாவிலிருந்து மாதக் கடைசியில் காசு வரும் வீட்டுக்கு மாத நடுவில் விழும் தவணை பொருந்தாது. கடன் எடுக்கும்போதே திகதியை மாற்றித் தரக் கேளுங்கள். வெங்காயச் செய்கை பிழைத்துத் தவணை தவறும் என்று தெரிந்தால், தவறுமுன் போய்ப் பேசுங்கள். தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டி எழுதித் தர இடமுண்டு. மூன்று மாதம் போனை எடுக்காமல் இருந்துவிட்டுப் போனால் அதே மனேஜரின் முகம் வேறாக இருக்கும். ஒரே கிழமையில் ஐந்து இடத்தில் விண்ணப்பம் போடவும் வேண்டாம். யார் யார் உங்கள் அறிக்கையைக் கேட்டார்கள் என்பதும் அதில் பதிவாகிறது.

ஏற்கெனவே பிணை வைத்தவர்கள் அந்தக் கடன் எந்த நிலையில் இருக்கிறது என்று இந்த மாதமே கேட்டுவிடுங்கள். இரண்டு தவணை நிலுவை என்றால் இப்போது சமாளிக்கலாம்.