ஏறுமுன் கேளுங்கள்

போரினால் வயலையும் கிணற்றையும் விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் கொழும்பில் கட்டட வேலை செய்கிறார்கள். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே, கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருக்களில், தொடர்மாடிகள் எழும்புகின்றன. மண்வெட்டி பிடித்த கைகள் பலஞ்சியில் ஏறுகின்றன. ஆனால் ஏறுமுன் பயிற்சி கொடுப்பார் குறைவு.

2017 மே 18 அன்று வெள்ளவத்தையில் சவோய் திரையரங்கின் அருகே ஐந்து மாடிக் கட்டடமொன்று இடிந்து உயிர்கள் போயின. அது செய்தியாயிற்று. பலஞ்சியிலிருந்து ஒருவர் தனியே விழுந்தால் செய்தியாவது அரிது. விழுபவர் ஒரு விநாடியில் ஏறத்தாழ 5 மீற்றர் கீழே போய்விடுகிறார். விழுந்தபின் சுதாரிக்க நேரமில்லை.

ஊரில் பனையேறும் தொழிலாளி தளைநாரைச் சோதிக்காமல் மரத்தில் கால் வைப்பதில்லை. அந்தப் பழக்கம் கட்டடத்திலும் வேண்டும். நம் பிள்ளைகள் கற்கவேண்டியவை இவை:

1. பலஞ்சியின் பலகைகள் இடைவெளியின்றி இறுகக் கட்டியிருக்க வேண்டும். ஓரத்தில் கைப்பிடிக் கம்பிகள் வேண்டும். லிப்ட் குழியும் தளத்திலுள்ள துவாரங்களும் மூடியிருக்க வேண்டும்.

2. ஏணி 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் சுவரிலிருந்து தள்ளி நிற்கட்டும். நுனி ஏறும் தளத்துக்கு 3 அடி மேலே நீளட்டும்.

3. இடுப்புப் பட்டி மட்டும் போதாது. விழும் வேகத்தில் அதுவே வயிற்றையும் முதுகெலும்பையும் தாக்கும். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டியே நல்லது. அதன் கயிற்றைத் தலைக்கு மேலே அசையாத இடத்தில் கொளுவுங்கள். கொளுவாத பட்டி வெறும் அலங்காரம்.

4. விழுந்தவரை மடித்துத் தூக்கி முச்சக்கரவண்டியில் ஏற்றாதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டட வேலைத்தளத்துக்கும் உரியது. வேலையில் காயமுற்றவருக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உரிமை தருகிறது. ஆனால் உரிமை கேட்கச் சான்று வேண்டும். கொந்தராத்துக்காரரின் பெயர், வேலைத்தள விலாசம், வேலை செய்த நாட்கள், பெற்ற கூலி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

புதிய வீடு கட்டுபவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும், இல்லையேல் விழுந்தவனின் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் என்கிறது இணைச்சட்டம் (22:8). பழி விழுந்தவன் மேலல்ல.

பட்டி கேட்டால் நாளைக்கு வேலையில்லை என்ற பயம் உண்மையானது. ஒருவர் கேட்டால் அவரை நிறுத்திவிடலாம். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பத்துப் பேரையும் நிறுத்துவது எளிதல்ல. பெற்றோரே, பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பும்போது இதையும் சொல்லி அனுப்புங்கள்.