கடல் கடக்கும் களைக்கொத்து

"சாமி, நம்மூர் மண்வெட்டியை வெளிநாட்டுக்கு அனுப்பலாமாமே, மெய்தானா?" என்று அண்மையில் ஓர் இளைஞர் நம்மிடம் கேட்டார். இரும்படிக்கும் குடும்பத்துப் பிள்ளை. ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலி. தரகர் ஒருவரின் சொல்லை நம்பி, தாயாரின் நகைகளை அடகு வைத்து இயந்திரம் வாங்கும் எண்ணத்தில் இருந்தார்.

மெய்தான் என்றோம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனத் தமிழக அரசு 2022-இல் அறிவித்ததே! இரும்பு இம்மண்ணுக்குப் புதிதன்று.

ஆயினும் நாம் வயலில் பிடிக்கும் கனத்த மண்வெட்டியை மேனாட்டார் தேடுவதில்லை. அங்கே வீட்டுத் தோட்டம் பலருக்குப் பொழுதுபோக்கு. அவருள் முதியோர் மிகுதி. கனங்குறைந்த களைக்கொத்தும், நாற்று நடும் சிறு கரண்டியும், கவாத்துக் கத்தரியுமே அவர்கட்கு வேண்டுவன. ஓசூர் ரோஜாத் தோட்டங்களில் நாள் முழுதும் கத்தரி பிடிக்கும் பெண்களைக் கேளுங்கள். வில் எப்போது தளரும், கை எங்கே காய்க்கும் என்று சொல்வார்கள். இதனினும் நல்ல சோதனைக்கூடம் ஏது?

ஒன்றை அழகாக அடிப்பது போதாது. ஆயிரமும் ஒரே எடையும் ஒரே பதமும் உடையனவாக இருத்தல் வேண்டும். கொல்லர் நெருப்பின் நிறங்கண்டு பதம் ஏற்றுவார்; வாங்குவோரோ கடினத்தை எண்ணில் கேட்பார். வண்டி உறுப்புகளுக்குப் பதமேற்றும் பட்டறைகள் ஓசூரிலேயே இருக்க, புது இயந்திரத்துக்கு என்ன அவசரம்? கூலிக்குச் செய்து வாங்கலாம். மலிவு விலையில் ஜலந்தர், லூதியானாக்காரரோடு போட்டியிடுவது வீண். அவர்கள் இத்தொழிலில் பழம் பெருச்சாளிகள்.

வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்தில் பத்து இலக்க ஏற்றுமதி எண் பெறவேண்டும். இக்கருவிகள் சுங்கப் பட்டியலில் 8201 என்னும் தலைப்பில் வருகின்றன. மரப்பெட்டியில் அனுப்பினால், பூச்சி நீங்க வெப்பமூட்டியோ புகையூட்டியோ முத்திரையிட்ட மரமாக இருத்தல் வேண்டும். பெட்டியால் சரக்கு திரும்பி வந்தால் யாரை நோவது?

முதலில் ஏற்றுமதி வணிகர் ஒருவர் வழியாகச் சிறு தொகுதி அனுப்பிப் பார்க்கச் சொன்னோம். பின்னர் நேரே விற்கும்போது முன்பணம் பெறுவது நன்று. கடனுக்கு அனுப்பினால், 1957 முதல் இயங்கும் ஏற்றுமதிக் கடன் உறுதிக் கழகத்தில் காப்பீடு செய்வது நன்று. ஒரே நாட்டை நம்புவதும் ஆகாது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்ததை மறக்கலாமா?

இளைஞர் நகையை அடகு வைக்கவில்லை. இருபது மாதிரிக் களைக்கொத்துகளைத் தந்தையுடன் அடித்துக்கொண்டிருக்கிறார்.