குரங்கு என்றால் எந்தக் குரங்கு?

பள்ளி விடுமுறையில் பேரனை அழைத்துக்கொண்டு கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவாத்திக்குப் போயிருந்தேன். பாட்டி கொடுத்தனுப்பிய ரொட்டிப் பொட்டலம் அவன் கையில். அதைக் கண்டதும் இரண்டு வகைக் குரங்குகள் எங்களைச் சூழ்ந்துகொண்டன.

"தாத்தா, அந்தக் குட்டி மட்டும் ஏன் ஆரஞ்சு நிறத்துல இருக்கு?"

சாம்பல் நிறத் தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தது அது. லோத்தோங் குட்டி. இங்குள்ள லோத்தோங் குட்டிகள் அப்படித்தான் பிறக்கும். சில மாதங்களில் தாயின் நிறம் வந்துவிடும்.

இன்னொன்று, நம் வீட்டுக் குப்பைத்தொட்டியைக் கவிழ்க்கும் கெரா. கிடைத்ததைக் கன்னப் பைகளில் அடைத்துக்கொண்டு ஓடும். லோத்தோங்கிற்குக் கன்னப்பை கிடையாது. பல அறைகள் கொண்ட வயிறு உண்டு. மாட்டைப் போல இலையை நொதிக்க வைத்துச் செரிக்கும். இனிப்பும் மாவும் உள்ளே போனால் அந்த வயிற்றில் அமிலம் கூடி நோயாகிவிடும். இது தெரியாமல் நானும் பல வருடம் ரொட்டி போட்டவன்தான். பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்தேன். பேரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

சமாதானப்படுத்த, மற்ற சொந்தக்காரர்களைப் பற்றிச் சொன்னேன். நம் காட்டுத் தேவாங்கான கொங்காங், மடகாஸ்கர் லெமூர்களின் கூட்டம்: ஈர மூக்கு, சீப்பு போன்ற கீழ்ப்பற்கள். கொங்காங் கடித்தால் விஷம். அதனாலேயே வளர்ப்புக்கு விற்பவர்கள் அதன் பற்களை வெட்டிவிடுகிறார்கள். காணொளிகளில் அது கைகளைத் தூக்குவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். முழங்கையருகே உள்ள விஷச் சுரப்பியை வாய்க்கு எட்ட வைக்கும் தற்காப்பு அது.

சபா, சரவாக் காடுகளின் டார்சியருக்கு மூக்கு உலர்ந்தது. ஒரு கண்ணே மூளையளவு பெரிது. கண்ணைச் சுழற்ற முடியாததால் தலையையே பின்னால் திருப்பும். தென்னமெரிக்கக் குரங்குகளின் நாசித் துளைகள் பக்கவாட்டில் பார்க்கும். சிலவற்றுக்கு வால் இன்னொரு கை. நம் பக்கத்துக் குரங்குகளுக்கு நாசி கீழ்நோக்கியது, வாலால் கிளையைப் பிடித்துத் தொங்கவும் வராது.

"வாலே இல்லாதது?"

கிப்பன், ஓராங் உத்தான், கொரில்லா, சிம்பன்சி. "அப்புறம் நீயும் நானும்," என்றேன். முதுகுக்குக் கீழே தடவிப் பார்த்துக்கொண்டான்.

நம் முன்னோர் இந்த வேறுபாட்டில் கெட்டிக்காரர்கள். குரங்கு, முசு, ஊகம் என்று தொல்காப்பியமே தனித்தனியாகச் சொல்கிறது. நாம்தான் எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்கிவிட்டோம்.

இறங்கும் வழியில் ஒரு சிறுமி லோத்தோங்கிடம் பிஸ்கட் நீட்டினாள். "அது கெரா இல்ல, வயிறு வலிக்கும்!" என்று பேரன் கத்தினான். அவளுடைய அப்பா என்னை முறைத்தார். பிஸ்கட் மட்டும் திரும்பப் பொட்டலத்துக்குள் போனது.