ஒரே போன், இரண்டு தேதி

ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் மென்பொருள் விவரம் இருக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு தேதி இருக்கும். கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட் என்று இன்னொரு தேதி இருக்கும். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. போனில் கோளாறு எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் மென்பொருளின் பாகங்களை வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு வேகத்தில் புதுப்பிக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த நிலைக்கு வந்து சேரவே ஆண்ட்ராய்டுக்குப் பல ஆண்டுகள் ஆயின.

முன்பெல்லாம் கூகுள் புதிய ஆண்ட்ராய்டை வெளியிட்டதும் சிப் தயாரிப்பாளர் அதைத் தன் சிப்புக்கு ஏற்றபடி திருத்துவார். அதன்மேல் போன் கம்பெனி தன் தோற்றத்தையும் ஆப்களையும் ஏற்றும். சில நாடுகளில் சிம் கம்பெனியும் சோதித்துப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். இதெல்லாம் முடிவதற்குள் அடுத்த ஆண்ட்ராய்டு வந்துவிடும். விலை குறைந்த போன்கள் பலவற்றுக்கு முறை வருவதே இல்லை.

இதிலுள்ள ஆபத்து 2015 ஜூலையில் வெட்டவெளிச்சமானது. ஆண்ட்ராய்டில் பாட்டும் வீடியோவும் ஓட்டும் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற பகுதியில் ஓட்டை இருப்பது தெரியவந்தது. ஒருவரின் செல் நம்பர் தெரிந்தால் போதும். எம்எம்எஸ்ஸில் ஒரு வீடியோவை அனுப்பி, அவர் அதைத் திறக்காமலே போனுக்குள் நுழைந்துவிட முடியும். கூகுள் தன் நிரலில் சீக்கிரமே ஓட்டையை அடைத்தது. ஆனால் அடைத்த நிரல் மேலே சொன்ன வரிசை முழுவதையும் கடந்துதானே மக்கள் கைக்கு வர வேண்டும்? பல போன்களுக்கு அது வரவேயில்லை.

2017இல் ஆண்ட்ராய்டு 8 உடன் வந்த ட்ரெபிள் திட்டம் முதல் வெட்டை வெட்டியது. கேமரா, சென்சார் போன்றவற்றை இயக்கும் சிப் தயாரிப்பாளரின் நிரல்கள் ஒரு தனிப் பகுதிக்குப் போயின. ஆண்ட்ராய்டு வேறு பகுதியில் நின்றது. இரண்டும் பேசிக்கொள்ளும் முறையை, அதாவது இடைமுகத்தை, எழுத்தில் வரையறுத்துவிட்டார்கள். அதை மீறாதவரை ஆண்ட்ராய்டு பக்கத்தை மட்டும் மாற்றலாம். சிப் பக்கத்தைத் தொட வேண்டாம். சோதனையும் கறாரானது: எந்தக் கம்பெனியின் கைவண்ணமும் படாத ஒரு பொது ஆண்ட்ராய்டை அந்தப் போனில் ஏற்றினால் அது ஓட வேண்டும்.

இரண்டாவது வெட்டு 2019இல், ஆண்ட்ராய்டு 10 உடன் வந்த மெயின்லைன். ஆண்ட்ராய்டுக்குள்ளேயே சில பாகங்களைக் கழற்றி, பிளே ஸ்டோர் வழியாகவே புதுப்பிக்கும்படி செய்தார்கள். முதலில் கழன்றவற்றில் வீடியோ ஓட்டும் பகுதிகள் இருந்ததில் வியப்பில்லை. எனக்குப் பிடித்தது அதே பட்டியலில் இருந்த இன்னொன்று: நேர மண்டலத் தரவு, அதாவது எந்த ஊரில் மணி என்ன, அது எப்போது மாறும் என்ற விவரம்.

2015 அக்டோபர் 25 அன்று துருக்கியில் கோடைகால நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்திருக்க வேண்டும். நவம்பர் 1 அன்று தேர்தல் என்பதால் அரசு அதை இரண்டு வாரம் தள்ளிவைத்தது. போன்களுக்கு அது எப்படித் தெரியும்? பழைய தரவை நம்பிப் பல போன்கள் தாமாகவே பின்னால் போய்விட்டன. மணி என்ன என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. இலங்கையும் 1996இலும் 2006இலும் தன் நேரத்தை மாற்றிய நாடுதான். ஓர் அரசாணையில் மாறிவிடக்கூடிய ஒன்றை முழு ஆண்ட்ராய்டோடு சேர்த்துக் கட்டுவது, நாட்காட்டியைச் சுவரில் பெயிண்ட்டால் எழுதிவைப்பது போலத்தான். மெயின்லைன் அதை ஆணியில் மாட்டியது.

கழற்றிய பாகங்களில் பல ஏபெக்ஸ் என்ற கோப்பாக வந்து இறங்கும். போன் அடுத்த முறை ஆன் ஆகும்போது, சாதாரண ஆப்கள் எழுவதற்கு வெகு முன்பே, கோப்பின் கையெழுத்தைச் சரிபார்த்துப் பழையதற்குப் பதிலாகப் பொருத்திக்கொள்ளும். புதியது தகராறு செய்தால் பழையதற்கே திரும்பிவிடும். ஆப்களை ஓட்டும் ஏஆர்டி என்ற அடித்தளமே 2021இல், ஆண்ட்ராய்டு 12இல், இப்படித் தனியாகிவிட்டது.

பிரித்துவிட்டால் வேலை குறையும் என்று எண்ண வேண்டாம். ஒருமுறை அறிவித்த இடைமுகத்தை நினைத்தபோது மாற்ற முடியாது. பழைய போன்களுக்காக அதைப் பல பதிப்புகள் சுமக்க வேண்டும். எந்தப் பழையதோடு எந்தப் புதியது சேர்ந்து ஓடும் என்று ஜோடி ஜோடியாகச் சோதிக்கவும் வேண்டும்.

தொழில்நுட்பம் வழிவிட்டாலும் கம்பெனிகளுக்கு மனம் வர வேண்டுமே. கூகுள் பிக்சல் 8க்கு ஏழு ஆண்டு அப்டேட் என்று அறிவித்தது 2023இல்தான். சாம்சங் கேலக்ஸி எஸ்24க்கு அதையே சொன்னது 2024இல். மோடம் போன்ற சிப் பக்கத்து ஓட்டைகளைக் கூகுள் பிளேயால் அடைக்க முடியாது; அதற்கான அப்டேட்டைப் போன் கம்பெனிதான் அனுப்ப வேண்டும். அதனால் போன் வாங்கும்போது கேமராவின் மெகாபிக்சலைக் கேட்பதற்கு முன், பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். வாங்கிய பிறகு அவ்வப்போது ரீஸ்டார்ட் செய்யுங்கள். இறங்கிக் காத்திருக்கும் ஏபெக்ஸ் அப்போதுதான் வேலைக்கு வரும்.