கட்டிலில் இருந்து விழுங்கக் கூடாத குளிசை

அடைமழைக்குப் பிறகு கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தெருவில் நின்ற வெள்ளம் வற்றினாலும் எலிக்காய்ச்சல் பயம் வற்றாது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் கால் வைத்தால், தோலிலுள்ள சிறு கீறல் வழியே கிருமி உள்ளே போகும். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு, குறிப்பாக வயலில் இறங்குவோருக்கு, வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் கொடுக்கிறார்கள். பனாமாக் காட்டில் பயிற்சி எடுத்த அமெரிக்கப் படையினரிடம் இந்த அளவைச் சோதித்த ஆய்வு 1984இல் வெளியானது: மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்குத்தான் காய்ச்சல், வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 20 பேருக்கு.

டொக்சி வயிற்றைப் புரட்டும் என்பது பலருக்குத் தெரியும். நெஞ்சுக்குள் அது செய்யும் வேலை தெரியாது. இரவில் ஒரு மிடறு தண்ணீரோடு கப்சூலை விழுங்கிவிட்டு அப்படியே சரிந்தால், அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொள்ளும். கரையும்போது கடும் அமிலத்தன்மை கொள்ளும். அந்த இடம் வெந்து புண்ணாகும். மறுநாள் எச்சில் விழுங்கினாலும் வலிக்கும். மாரடைப்போ என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவோரும் உண்டு. ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீர் குடித்து, அரை மணிநேரமாவது நிமிர்ந்திருந்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். காலை, இரவு என்று கவரில் எழுதித் தரும் பாமசியில் இதையும் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

வெயிலும் இதற்கு ஆகாது. இந்த மருந்து எடுக்கும் நாட்களில் காலிமுகத்திடலில் நண்பகல் நேரம் நின்றால், சிலருக்கு முகம் தீய்ந்தது போலச் சிவந்துவிடும்.

எனக்கு இவற்றைவிட வியப்பானது, டொக்சி சேர்ந்த டெட்ராசைக்கிளின் மருந்துக் குடும்பம் உலோகங்களைப் பற்றிக்கொள்ளும் விதம். இரும்புக் குளிசையைக் காலையிலும் டொக்சியை இரவிலும் எடுத்தாலும் அந்தப் பிடியிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது. இரத்தத்தில் கலந்த டொக்சி மறுபடி குடலுக்குள் வரும். அங்கே கிடக்கும் இரும்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

குடும்பத்தின் மூத்த மருந்தான ஒரியோமைசின் 1948இல் லெடர்லி ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. அங்கே ஆராய்ச்சிப் பிரிவை நடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சுப்பாராவ். அதன் பின் வந்த டெட்ராசைக்கிளின், வளரும் பிள்ளைகளின் பல்லில் கல்சியத்தோடு படிந்து நிரந்தரமாக மஞ்சளாக்கியது. எலும்பிலும் படியும், புற ஊதா ஒளியில் மிளிரும். மருத்துவர்கள் அதையே அளவுகோலாக்கினார்கள். சில நாள் இடைவெளி விட்டு இரண்டு தடவை மருந்தைக் கொடுப்பார்கள். பிறகு இடுப்பெலும்பில் ஒரு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். இரண்டு ஒளிக்கோடுகள் தெரியும். அவற்றுக்கு நடுவிலுள்ள தூரம், அந்த இடைவெளியில் புதிதாக உருவான எலும்பின் தடிப்பு.