பற்றவைப்புக்குப் பின் இரண்டாம் சூடு

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் மெஹ்ரோலி இரும்புத்தூணைக் காட்டாத தில்லித் தமிழர் உண்டா? ஏறத்தாழ 7 மீட்டர் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை, 1600 ஆண்டு வயது. துருப்பிடிக்காததைப் பற்றியே பேசுகிறோம். அது இரும்புக் கட்டிகளைப் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கியது என்பதும் நோக்கத்தக்கது.

இன்றைய வெல்டிங் வேறு விதம். நாரயணா இரும்பு மண்டியில் குழாய் வியாபாரம் செய்யும் என்னிடம் சிலர் கேட்பதுண்டு: "வெல்டிங்தான் நல்லா விழுந்திருக்கே, மறுபடி எதுக்குச் சூடு பண்ணணும்? வீண் செலவுதானே?"

வீண் செலவு அல்ல. வெல்டிங்கில் ஒரு கோடு மட்டும் சுமார் 1500 டிகிரியில் உருகுகிறது. சற்றுத் தள்ளியுள்ள இரும்பு குளிர்ந்தே இருக்கிறது. ஆறும்போது அந்தக் கோடு சுருங்கப் பார்க்கும். பக்கத்து இரும்பு விடாது. இந்த இழுபறி உள்ளே தகைவாகத் தங்கிவிடும். மேலும், கனத்த தகடு சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்வதால், கொல்லர் பழுத்த இரும்பைத் தண்ணீரில் தோய்த்தது போல் இணைப்பின் ஓரம் கடினப்படும். கடினம்னா பலம்தானே என்று எண்ண வேண்டாம். முறுக்கு மாதிரி ஒடிந்துவிடும். ஈரமான வெல்டிங் குச்சியிலிருந்து ஹைட்ரஜனும் புகுந்துவிட்டால், வேலை முடிந்து பல மணி நேரம் கழித்துக்கூட விரிசல் விடும்.

இதற்கு மருந்து இரண்டாம் சூடு. சாதாரணக் கார்பன் எஃகை 600 டிகிரியை ஒட்டி மெல்ல ஏற்றி, 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் நிறுத்தி, மெல்ல ஆறவிடுவார்கள். எஃகு உருகாது, இளகும். தகைவு தளரும், கடினம் குறையும், ஒடியாமல் வளைந்துகொடுக்கும் குணம் திரும்பும்.

திருச்சியில் 1965-இல் தொடங்கிய பெல் கொதிகலன் ஆலைக்கு இது அன்றாட வேலை. அங்கே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே 1975-இல் அமைந்தது. அனல் மின் நிலைய நீராவிக் குழாய்களுக்கான பி-91 எஃகில் 9 சதவீதம் குரோமியமும் 1 சதவீதம் மாலிப்டினமும் உண்டு. இதை வெல்டிங் முடிந்ததும் 100 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டு, பிறகு 760 டிகிரியை ஒட்டிச் சூடாக்க வேண்டும். ஆறுமுன் அவசரப்பட்டாலும் கெடும். அளவு மிஞ்சினாலும் கெடும்.

எல்லா எஃகுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. வீட்டு ஜன்னல் கிரில்லுக்கு இது தேவையில்லை. பாத்திரம் செய்யும் 304 வகைத் துருப்பிடிக்காத எஃகை 450 முதல் 850 டிகிரிக்குள் நெடுநேரம் வைத்தால், அரிப்பை எதிர்க்கும் சக்தியே குறைந்துவிடும்.

பதப்படுத்திய இணைப்பும் படுத்தாத இணைப்பும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆகவே கொதிகலன், அழுத்தக்கலன் வாங்கும் அன்பர்கள் பளபளப்பைப் பார்த்துப் பணம் கொடுக்காமல், சூடேற்றிய வெப்பப் பதிவுத் தாளையும் கடினத்தன்மைச் சோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். அந்தக் கலனின் பக்கத்தில் தினமும் நின்று வேலை பார்ப்பவர் ஒரு குடும்பத்தின் தலைவர் அல்லவா!