புள்ளி வைத்தால் புது ஆள்

இன்டர்நெட்டில் பரிசுக் கூப்பன்களை அள்ள ஒரே இ-மெயிலைப் பல வேடங்களில் அனுப்புகிறார்கள். வேடம் கலைவது பரிசை வாங்கப் போகும்போது.

கமலாராணி என்ற பெயரில் ஒருவர் ஜிமெயில் முகவரி வைத்திருப்பதாகக் கொள்வோம். ஆங்கிலத்தில் எழுதினால் 10 எழுத்துகள். அவற்றுக்கிடையே 9 இடைவெளிகள். ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு புள்ளி வைக்கலாம், வைக்காமலும் விடலாம். கணக்குப் போட்டால் 512 முகவரிகள் தேறுகின்றன. எதற்குக் கடிதம் போட்டாலும் அது வந்து விழுவது கமலாராணியின் ஒரே பெட்டியில்தான். காரணம், ஜிமெயில் புள்ளிகளைக் கண்டுகொள்வதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி போட்டு, அதையடுத்து எந்தச் சொல்லை வேண்டுமானாலும் சேர்க்கலாம். அதையும் ஜிமெயில் பொருட்படுத்தாது. மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கிலும் கூட்டல் குறி செல்லும். ஆனால் அங்கே புள்ளி வித்தை பலிக்காது. அலுவலகமோ கல்லூரியோ தன் சொந்தப் பெயரில் தரும் கூகுள் முகவரிகளிலும் புள்ளிக்கு மதிப்பு உண்டு.

இந்த வசதி வந்தது கடிதங்களை வகை பிரித்து வைப்பதற்காக. ஆனால் "புதிதாகச் சேருபவருக்கு 100 ரூபாய் கூப்பன், நண்பரைச் சேர்த்துவிட்டால் மேலும் 100" என்று ஓர் அறிவிப்பு வந்தால் போதும், அது வேறு வேலைக்குப் பயன்படத் தொடங்கிவிடுகிறது. ஒரே ஆள் பத்துப் பேராக வரிசையில் நிற்கிறார். அவர் சேர்த்துவிடும் 'நண்பர்' வேறு யாருமல்ல, அவரேதான்.

கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு இது தெரியாதா? தெரிந்தாலும் அதற்கு ஒரு சங்கடம் இருக்கிறது. முகவரியில் @ குறிக்கு முன்னால் உள்ள பகுதிக்குப் பொருள் சொல்லும் உரிமை கடிதத்தைப் பெறும் சர்வருக்கு மட்டுமே என்பது 2008-ல் வெளியான இ-மெயில் விதிமுறை. ஜிமெயிலில் ஒன்றுமில்லாத புள்ளி, வேறொரு சேவையில் இரண்டு தனி மனிதர்களைப் பிரிக்கும் வேலியாக இருக்கலாம். எல்லாப் புள்ளிகளையும் அழித்துவிட்டுப் பார்த்தால் நேர்மையான ஒருவர் மாட்டிக்கொள்வார். அழிக்காவிட்டால் கமலாராணி 512 பேர்.

இந்த இடைவெளியில் நுழைபவர்கள் எல்லாம் கூப்பன் பிரியர்கள் அல்ல. அமெரிக்காவில் ஒரு மோசடிக் கும்பல் ஜிமெயில் புள்ளிகளை வைத்து நான்கு நிதி நிறுவனங்களில் 48 கிரெடிட் கார்டு விண்ணப்பங்களைப் போட்டு, குறைந்தது 65,000 டாலர் கடன் பெற்றதை அகாரி என்ற இ-மெயில் பாதுகாப்பு நிறுவனம் 2019-ல் வெளிப்படுத்தியது. 512 முகவரிகளுக்கும் பதில் ஒரே பெட்டிக்கு வருவதுதான் மோசடிக்காரருக்கு வசதி.

பேபால் நிறுவனத்தின் அனுபவம் இதைவிடப் பெரிது. கணக்குத் தொடங்கினால் 10 டாலர் என்பது போன்ற ஊக்கப் பரிசுகளை அது வழங்கி வந்தது. முறைகேடாகத் தொடங்கப்பட்டவை என்று தான் கருதும் கணக்குகள் 45 லட்சம் என்று 2022 பிப்ரவரியில் அது ஒப்புக்கொண்டது. அவையெல்லாம் புள்ளி வித்தையால் முளைத்தவை அல்ல. தானியங்கி மென்பொருள்களின் கைங்கரியம் அதில் உண்டு. ஆனால் நோய் ஒன்றுதான்: ஆளை எண்ணாமல் முகவரியை எண்ணுவது. வருமான மதிப்பீடும் மந்தமாக இருந்ததால் மறுநாள் பங்கு விலை ஏறத்தாழ கால்வாசி சரிந்தது. பரிசு கொடுத்து ஆள் பிடிக்கும் உத்தியைக் குறைத்துக்கொள்ளப்போவதாக பேபால் அறிவித்தது. இதில் இழப்பு, நியாயமாக 10 டாலர் பெற்றிருக்க வேண்டிய புதியவருக்கும்தான்.

இந்தியாவில் இந்த வித்தைக்கு வேகம் குறைவு. 2017 செப்டம்பரில் கூகுள் தனது 'தேஸ்' செயலியை அறிமுகம் செய்து, நண்பரைச் சேர்த்தால் 51 ரூபாய் என்றபோது, கைபேசி எண்ணும் வங்கிக் கணக்கும் இல்லாமல் உள்ளே வர முடியவில்லை. எண்ணில் புள்ளி வைக்க முடியாதே.

இ-மெயிலை மட்டும் கேட்கும் சேவைகளிலும் சோதனை பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. சேரும்போது கதவு திறந்தே கிடக்கும். மாதக் கணக்கில் புள்ளிகள் சேரும். பரிசைக் கேட்கும்போது போன் நம்பர், பயன்படுத்திய கருவி, வங்கிக் கணக்கு எல்லாம் ஒப்பிடப்படும். ஒருவருக்கு ஒரு கணக்கு என்பது இத்தகைய திட்டங்களில் வழக்கமான நிபந்தனை. மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் திட்டத்திலும் அதுதான் விதி. மீறினால் போலிக் கணக்கோடு நிஜக் கணக்கில் நேர்மையாகச் சேர்த்ததும் பறிபோகலாம்.

அப்படியானால் கூட்டல் குறியைத் தொடவே கூடாதா? தாராளமாகத் தொடலாம், ஒரு கம்பெனிக்கு ஒரு முகவரி என்ற அளவில். துணிக்கடைக்கென்று கொடுத்த முகவரிக்குக் கடன் விளம்பரம் வந்தால், யார் கை மாற்றினார்கள் என்பது தெரிந்துவிடும். ஆனால் இது முழுப் பாதுகாப்பு அல்ல. முகவரிப் பட்டியலை விற்பவர், கூட்டல் குறியையும் அதன் வாலையும் ஒரு நொடியில் வெட்டிவிட முடியும். சில படிவங்கள் அந்தக் குறியை ஏற்பதே இல்லை.

உண்மையான முகவரியை மறைக்க நினைப்பவர்களுக்கு 2020-ல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் ரிலே, 2021-ல் ஆப்பிள் தனது ஐகிளவுட் பிளஸ் சந்தாவுடன் தந்த 'ஹைட் மை இ-மெயில்' போன்ற சேவைகள் மேல். அவை தரும் மாற்று முகவரியைப் பார்த்து அசல் முகவரியை ஊகிக்க முடியாது. தொல்லை வந்தால் அதை மட்டும் மூடிவிடலாம். சட்டமும் மெல்ல வருகிறது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளை நிறைவேற்றக் கம்பெனிகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது.

அதுவரை ஒரு சின்ன எச்சரிக்கை. எந்தக் கம்பெனிக்கு எந்த வடிவத்தைக் கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கடவுச்சொல் மறந்த நாளில், புள்ளியில்லாத முகவரியைத் தட்டிப் பார்த்தால் அப்படி ஒரு வாடிக்கையாளரே இல்லை என்ற பதில் வரக்கூடும். 512 பேரில் நீங்கள் யார் என்பதை அப்போது நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.